நான் வைத்த ஆட்டிறைச்சி

அக்காவின் இரைப்பையில் பெரும்பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். உடம்பைக் குறைக்க அவளே விரும்பிச் செய்துகொண்ட அறுவை சிகிச்சை. அவள் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. எங்கள் ஊரான குனோங் ராபாட்டில் இரண்டு வீடு தள்ளியிருந்த நான்தான் சமைத்துப் போட்டேன்.

முதல் இரண்டு வாரம் வடிகட்டிய சூப்பும் மோரும் மட்டும். பிறகு மீனும் பருப்பும் குழந்தைக்கு மசிப்பதுபோல் மசித்து, அரைக் கிண்ணம். "மீன், முட்டைய முதல்ல சாப்பிடணும். சோறு கடைசியில. சாப்பிடும்போது தண்ணி வேணாம். கெட்டியா எதுவும் இப்பக் குடுத்துடாதீங்க" என்று உணவு ஆலோசகர் என்னிடமும் தெளிவாகச் சொல்லியிருந்தார். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

நாங்கள் இருவரும் ஒரே பருமன். சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தபோது, பையன்கள் எங்களைக் கேஸ் சிலிண்டரோடு ஒப்பிட்டு, "ரெண்டு கேஸ் தோங்" என்று கத்துவார்கள். சேர்ந்தே அழுவோம். நான்காவது வாரம் பாசாரில் மீன்காரர் அக்காவைக் காட்டி, "இது ஒங்க தங்கச்சியாக்கா?" என்று என்னைக் கேட்டார். அக்கா சிரித்தாள். இல்லை என்று சொல்லவில்லை.

அந்த ஞாயிறு ஆட்டிறைச்சிப் பிரட்டல் வைத்தேன்.

"வேணாம்லா. இன்னும் கறி சாப்பிடக் கூடாது."

"ஒரே ஒரு துண்டுக்கா. பஞ்சா வெந்திருக்கு."

வேகவில்லை. நான் கடித்துப் பார்த்திருந்தேன்.

வாசனை அவளை வென்றது. மூன்று துண்டுகளை அவசரமாக விழுங்கினாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு ஓடி மண்டியிட்டாள். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் நுரை நுரையாகத் துப்பினாள். நான் வாசலில் நின்று, "இதுக்குத்தான் வயித்த வெட்டிக்கிட்டியா?" என்றேன். அப்போது எனக்கு இருந்தது பயமல்ல, சந்தோஷம்.

மருத்துவமனையில் தொண்டை வழியாகக் குழாய் விட்டு இறைச்சியை எடுத்தார்கள். "யாரு குடுத்தா?" என்று டாக்டர் அதட்டினார்.

"யாரும் குடுக்கல. நானாத்தான் எடுத்துத் தின்னேன்."

டாக்டர் போனதும் அக்காவின் கையைப் பிடித்தேன். அவள் உருவிக்கொண்டாள். "எந்திரிச்சப்ப பாத்ரூம் கண்ணாடியில ஒன் மூஞ்சியப் பாத்தேன். சிரிச்ச."

அதன்பின் அவளே சமைத்துக்கொண்டாள். ஆவியில் வெந்த மீன், தோஃபு, அவித்த முட்டை. சின்னக் கரண்டியில் எடுத்து, கூழாகும்வரை மென்று, வயிறு நிறைந்த உணர்வு வந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள். சத்து மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள். தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு டப்பாவைத் தன்னோடு கொண்டுவருகிறாள். என் பிள்ளைகளோடு சிரித்துப் பேசிக்கொண்டே அதை மட்டும் சாப்பிடுகிறாள்.

போன மாதம் எனக்குச் சர்க்கரை ஏறி, அதே அறுவை சிகிச்சையை டாக்டர் சொன்னார். அக்காவிடம் போய் நின்றேன்.

"செஞ்சிக்க, நல்லதுதான்" என்றாள். "சமைச்சுப் போட வேற ஆளப் பாத்துக்க."