தீயில்லாத இன்ஜினின் தீமூட்டுநர்

"தீமூட்டுநர்: நல்ல உடற்கட்டுள்ள ஆண். நாள் முழுவதும் கரி அள்ளும் வலிமை வேண்டும். இன்ஜினின் தீ அணையாமல் காப்பது இவர் கடமை."

காகித ஆலையின் விதிப்புத்தகம் இப்படிச் சொல்கிறது. அந்த வேலையைப் பார்த்தவரோ, ஊதினால் பறந்துவிடுவார் போலிருந்த ஒரு பெண்மணி. அள்ளக் கரி கிடையாது. தீ மருந்துக்குக்கூட இல்லை. ஆலை வாசலில் அவர் பையில் ஒரு தீப்பெட்டி அகப்பட்டால் வேலையே போய்விடும்.

காரணம், ஆலைக்குள் சரக்குப் பெட்டிகளை இழுக்கும் அந்த ரயில் இன்ஜின். காகிதக் கிடங்குகளுக்கு நடுவே பொறி பறக்கவிட யாருக்குத் துணிச்சல் வரும்? அதனால் அடுப்பே இல்லாத இன்ஜினாகப் பார்த்து வாங்கியிருந்தார்கள். வெந்நீர் ஃப்ளாஸ்க்குக்கு நாலு சக்கரம் வைத்ததுபோல் இருக்கும். காலையில் ஆலைக் கொதிகலனிலிருந்து குழாய் வழியே வயிறு நிறைய நீராவி ஏற்றிவிட்டால் தீரும்வரை ஓடும், தீர்ந்தால் நிற்கும். விதிப்புத்தகத்தில் இன்ஜினுக்கு இரண்டே பதவிகள்: ஓட்டுநர், தீமூட்டுநர். குழாய் மாட்டி, பெட்டி கோத்து, பாதை மாற்றி, விசில் ஊதுகிறவருக்கு வேறு எந்தப் பெயரில் சம்பளம் போடுவது?

விசில்தான் அவருக்கு உயிர். ஆலை முழுக்க அவர் விசிலக்கா. மதிலுக்கு அப்பால் அவர் வீடு. கணவர் அங்கேயே தையல் மிஷின் போட்டிருந்தார். வீட்டைத் தாண்டும்போதெல்லாம் அவருக்கென்று ஒரு ஊதல்.

"தீமூட்டுறவளக் கட்டிக்கிட்டு, தினமும் அடுப்பு பத்த வைக்கிறது நானு" என்பார் கணவர்.

"வேலையில பத்த வெச்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பழக்கம் விட்டுப்போச்சுங்க."

அந்தப் பிழைப்புக்கும் ஒரு நாள் ஆபத்து வந்தது. தீயில்லாத இன்ஜினுக்குத் தீமூட்டுநர் எதற்கு என்று தலைமை அலுவலகத்தில் யாருக்கோ ஞானோதயம். பதவியை ஒழிக்கலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்து இன்ஜினில் ஏறினார்.

விசிலக்காவுக்குக் கை ஓடவில்லை. விசில் மட்டும் ஓடியது. வளைவில் ஊதினார், கிடங்கருகே ஊதினார், எதிரில் வந்த பூனைக்கு ஊதினார். வீட்டருகே வந்ததும், 'இவருதான் அந்த அதிகாரி' என்று கணவருக்குச் சொல்வதுபோல் நீளமாக ஊதினார். விசிலும் அதே நீராவியில்தான் ஊதுகிறது என்பது அவருக்குத் தெரியாததில்லை, அன்றைக்கென்று மறந்துபோனது. பாதி வழியில், இரண்டு பெட்டிப் பாரத்தோடு இன்ஜின் பெருமூச்சுவிட்டு நின்றது.

"என்னாச்சு?" என்றார் அதிகாரி.

ஓட்டுநர் வாயைத் திறக்குமுன் விசிலக்காவே சொல்லிவிட்டார். "நான் ஊதியே தீத்துட்டேன் சார்."

வேலை போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டே இறங்கினார். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார், பெட்டிகளைக் கழற்றினார், பாதையை மாற்றினார், கிடங்கில் ஓய்வாக உட்கார்ந்திருந்தவர்களை ஒரு அதட்டலில் கிளப்பி வந்தார். கட்டையை உருவியதும் எல்லோரும் சேர்ந்து இன்ஜினைக் கொதிகலன் பக்கம் தள்ளினார்கள். அதிகாரியும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

தள்ளுகிற மூச்சிரைப்பிலும் ஓட்டுநரிடம் கேட்டார்: "இவங்க இல்லாம நீங்க மட்டும் இருந்திருந்தா?"

"பிரேக்க விட்டு நான் இறங்கக்கூடாது சார். இவ்வளவும் நீங்கதான் செஞ்சிருக்கணும்."

அதிகாரி தன் கையிலிருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டார். பதவி தப்பியது. பெயரை மாற்ற ஒரு கமிட்டி போட வேண்டும் என்றார்கள். அந்தக் கமிட்டி இன்னும் கூடவில்லை. விசிலுக்கு மட்டும் உடனே கட்டுப்பாடு வந்தது. வீட்டுக்கென்று ஒரு நாளைக்கு ஒரே ஊதல்.

"இப்பத்தான் காதுக்கு நிம்மதி" என்றார் கணவர். ஆனால் அந்த ஒரே ஊதல் வரும்வரை தையல் மிஷினை மிதிக்காமல் காத்திருந்தார்.

ஓய்வு பெறும்வரை விசிலக்காவின் பெயர் தீமூட்டுநர் பட்டியலில்தான் இருந்தது. ஒரு தீக்குச்சியும் உரசியதில்லை. காலையில் குழாய் மாட்டினார், பெட்டிகளைக் கோத்தார், ஆலையின் காகிதத்தைப் பெரிய ரயில் பாதைவரை கொண்டுபோய்ச் சேர்த்தார்.