எல்லா வீட்டுக்கும் ஆரஞ்சு

என் இடுப்பைச் சுற்றி அளவு எடுத்துக்கொண்டிருந்த தையற்கார அக்கா, பாதியில் விட்டுவிட்டு ஆரஞ்சுப் பழப் பையைத் தூக்கினாள். "அசையாம நில்லு, இதோ வந்துடறேன். இப்போ வெளிய போகலைன்னா என் வாய் சும்மா இருக்காது!" கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால், ஒரு வீடு விடாமல் தட்டித் தட்டிப் பழம் கொடுத்துக்கொண்டு ஓடுகிறாள். ஐம்பது வயது தாண்டியவள் ஓடுகிற ஓட்டமா அது!

தையற்கடைக்கு அவள் வைத்த பெயர்ப்பலகை எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. தெரு அவளுக்கு வைத்த பெயர் மட்டும் விழவில்லை: தந்தியக்கா. யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள், யாருக்குச் சோறு இறங்கவில்லை என்பதெல்லாம் வீட்டுக்காரர்களுக்கு முன்பே தையற்காரிக்குத் தெரிந்துவிடும். தெரிந்தது மாலைக்குள் தெருமுனை வரை போய்விடும். பாவம், அவள் கெட்ட மனசுக்காரி இல்லை. வாய்க்குப் பூட்டுதான் இல்லை.

அந்த வாய் ஒருநாள் சொந்தத் தங்கை மகளையே பதம் பார்த்தது. அவள் முதல் தடவை உண்டானபோது, அவள் சொல்வதற்கு முன்பே தெரு முழுக்க வாழ்த்தியது. கரு தங்கவில்லை. வாழ்த்தியவர்கள் அத்தனை பேரும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். அந்தப் பெண் ஒவ்வொருவருக்கும் கதவைத் திறந்து பதில் சொன்னாள். அவளைப் பெற்றவள், எதிர்வீட்டில் இருக்கும் தங்கை, அன்றோடு அக்காவிடம் பேச்சை விட்டாள். துணி தைக்கக்கூட பஸ் ஏறி வேறெங்கோ போனாள்.

"என் நாக்கை எடுத்துடுங்க ஆண்டவரே" என்று அக்கா ஆலயத்தில் முழங்காலில் கிடந்து அழுதாளாம். பாஸ்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "கெட்டதை வெளிய அனுப்பினா மட்டும் பத்தாதும்மா. அந்த இடத்துல நல்லதை உட்கார வைக்கணும். ஒருத்தரைப் பத்திப் பேசணும்னு தோணும்போதெல்லாம் அவங்களுக்காக ஜெபம் பண்ணுங்க."

அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அடுத்த ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, சத்தமாகவே ஆரம்பித்தாள். "கடைசி வீட்டு நர்ஸைக் கண்ணோக்கிப் பாரும் கர்த்தாவே! புருஷன்கிட்ட பேசறதில்லையே கர்த்தாவே! ஹால்ல தனியாப் படுத்துக்கறாளே கர்த்தாவே!" ஆமென் சொன்னவர்களில் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டு சொன்னார்கள். முடிந்ததும் பாஸ்டரம்மா அவளை ஓரமாக அழைத்துப் போனார். "கர்த்தருக்கு விலாசம் எல்லாம் தெரியும்மா. நீங்க சொல்ல வேண்டாம்."

அதற்குப் பிறகு மனசுக்குள் ஜெபம். வாய் ஓய்ந்தாலும் கால் ஓயவில்லை. யாருக்காக ஜெபித்தாளோ அவர்கள் வீட்டுக்குப் பழத்தோடு போனாள். எங்கள் தெரு லேசுப்பட்டதா? "அவ வீட்டுக்கு ஆரஞ்சு போயிருக்கு, ஏதோ விஷயம் இருக்கு" என்று பிடித்துக்கொண்டது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளே கண்டுபிடித்த வழிதான் இது: எல்லா வீட்டுக்கும் பழம். ஒருத்தியின் ரகசியத்தைக் காப்பாற்ற இப்போது ஒரு தெருவே ஆரஞ்சு தின்கிறது. பழக்கடைக்காரருக்கு வேறு சபை. ஆனாலும் அக்காவின் மனந்திரும்புதலுக்காக அவர்தான் அதிகம் ஸ்தோத்திரம் சொல்கிறார்.

அன்றைய ஓட்டத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். இப்போது எழுதலாம், குழந்தை பிறந்து ஞானஸ்நானமும் ஆகிவிட்டது. எனக்கு அளவெடுப்பதற்குக் கொஞ்சம் முன்புதான் அக்காவின் அந்தத் தங்கை மகள் வந்து ஒரு கவுனை நீட்டினாள். "இடுப்பைக் கொஞ்சம் லூஸாக்கணும் பெரியம்மா." அவ்வளவுதான் சொன்னாள். அக்காவின் முகம் பளபளவென்று ஆகிவிட்டது.

வீடு வீடாகப் போய்விட்டு மூச்சிரைக்கத் திரும்பியவளிடம் வாயைப் பிடுங்கிப் பார்த்தேன். "என்னக்கா விசேஷம்?"

"உன் இடுப்பு பெருத்திருக்கு. அதுதான் விசேஷம்."

அப்போதுதான் தங்கை உள்ளே வந்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்த வாசற்படியில் அவள் கால்!

"என் பொண்ணு இங்க வந்துட்டுப் போனாளே, என்ன விஷயம்?"

அக்கா மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை போதும். அந்தச் சந்தோஷத்தில் எல்லாப் பகையும் பறந்துவிடும். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்கே கத்தத் தோன்றியது.

"துணி கொடுக்க வந்தா."

"என்ன துணி?"

"அவளையே கேளு."

"நான் அவளைப் பெத்தவ! எங்கிட்டக்கூட சொல்ல மாட்டியா?"

"பெத்தவங்கறதாலதான் சொல்றேன். அவ வாயால கேளு." அக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. "நான் சொல்ல மாட்டேன். நீ திரும்ப இந்தப் பக்கமே வராமப் போனாலும் சொல்ல மாட்டேன்."

தங்கை அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விறுவிறுவென்று கதவை நோக்கிப் போனாள். போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அவள் கதவை உள்பக்கமாகச் சாத்தினாள். கைப்பையை பெஞ்சில் வைத்தாள். அக்காவின் முன்னால் வந்து, அளவெடுக்கத் தோதாக இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.