இலை மேலயா, பூச்சி மேலயா?

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த நேரம். ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குப் பத்து சென்ட்டில் ஒரு பசுமைக்குடில் இருந்தது. எங்களுக்கு என்று சொல்வதே தப்பு. அது என் மனைவியுடையது. ஷூ கம்பெனியில் பன்னிரண்டு வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள், கழுத்து வலி தாங்காமல் நின்றுவிட்டாள். மானியத்துக்கு அவளே அலைந்தாள், பயிற்சிக்கும் போனாள், வெள்ளரி போட்டாள். இனி அந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறவே கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள்.

கொடி நன்றாக ஏறிப் பிஞ்சு விடும்போது வெள்ளை ஈயும் செம்பேனும் வந்துவிட்டன. "நல்ல விஷமா பாத்து அடிச்சு வுடு" என்றேன். அவள் கேட்கவில்லை. பூச்சியைக் கொல்லும் பூஞ்சை என்று ஒரு பொடியை வாங்கி வந்து, வெயில் தாழ்ந்ததும் தண்ணீரில் கரைத்து இலைக்கு அடியில் படும்படி அடித்தாள். இது உயிருள்ள மருந்து, பூச்சி உடம்பில் முளைத்துத்தான் அதைக் கொல்லும், ஒரு வாரம் பொறுக்க வேண்டும் என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பதினாறு வருடமாகத் தோல் பதனிடும் டேனரியில் இருப்பவன். ஈரத்தோல் அடுக்கில் ஒரு தோலில் பூசணம் கண்டால் போதும், உடனே மருந்து போடாவிட்டால் அடுக்கு முழுக்கப் பாழ். அதற்காக சூப்பர்வைசரிடம் நான் வாங்காத ஏச்சு இல்லை. அந்தப் பூசணத்தை என் வீட்டுக்காரி தேடிப்போய் வாங்கி வருகிறாள் என்று தோஸ்துகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

ஆறாம் நாள் அவள் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று குடியாத்தத்துக்குக் கிளம்பினாள். "சாயங்காலமானா சைடு படுதாவ மட்டும் எறக்கி வுடுங்க. வேற எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை உள்ளே போனேன். இலைகளுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். உடனே அவளுக்குப் போன் போட்டு, "உன் மருந்தால தோட்டமே பூசணம் புடிச்சுப் போச்சு" என்று கத்தினேன்.

"இலை மேலயா, பூச்சி மேலயா? கிட்ட குனிஞ்சு பாத்து சொல்லுங்க."

"எனக்கு பூசணம் தெரியாதா? நீ எனக்கு சொல்றியா?"

"நாளைக்குக் காலைல வந்துடறேன். அதுவரைக்கும் கை வெக்காதீங்க."

சரி என்று சொல்லிவிட்டு நேராகப் பூச்சிமருந்துக் கடைக்குப் போனேன். பூசணத்தை அழிக்க இருப்பதிலேயே காட்டமான மருந்தைக் கேட்டு வாங்கி, ஒரு இலை விடாமல் அடித்தேன். பயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்ற திமிரோடு படுத்தேன்.

அவள் வந்து ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தாள். செத்த ஈக்களின் மேல்தான் வெள்ளையாக இருந்தது. இலையில் ஒன்றுமே இல்லை. காலி மருந்து பாக்கெட்டைக் கையில் எடுத்தாள். "அது பூச்சிய புடிச்சிருந்துச்சுங்க. நல்லா புடிச்சிருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான்.

மறுபடியும் பூஞ்சை அடித்துப் பார்த்தாள். என் மருந்தின் வீரியம் இலையில் இருந்ததால் முளைக்கவில்லை. மிச்சமிருந்த ஈக்கள் பெருகின. கொடியைத் தொட்டால் மாவு பறப்பது போல எழும்பின. பிஞ்சுகள் வெம்பின, இலைகள் மஞ்சளாகிக் காய்ந்தன. அவளே எல்லாவற்றையும் பிடுங்கிக் குவித்தாள். நான் உதவிக்குப் போனபோது, "நீங்க டூட்டிக்குப் போங்க" என்றாள். அந்தத் தை மாதமே கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. பொம்பளை பேச்சைக் கேட்டுப் பூசணத்தைத் தெளித்தான், எல்லாம் போச்சு என்று ஊரில் பேசினார்கள். டீக்கடையில் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். நான் தலையாட்டினேன். அவள் காதுக்கும் அது போயிருக்கிறது. இன்றுவரை அவளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் யாரிடமும் மறுத்துச் சொல்லவில்லை.

இப்போதுதான் முதல்முறையாக உண்மையை எழுதுகிறேன். அதையும் பெயர் போடாமல்தான் எழுத முடிகிறது என்பதை நினைத்தால், அன்றைக்கு ஒரு இலையைக் குனிந்து பார்க்காதவன் இன்னும் அப்படியே நிமிர்ந்துதான் நிற்கிறான் என்று எனக்கே அருவருப்பாக இருக்கிறது.