கிரிக்கு ஒரு கிரீடம்

செகந்திராபாத்தை அடுத்த மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் தங்கை மைதிலியின் வீட்டுக்கு கிரி வந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் உத்தரவு வந்துவிடும். எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் வழக்கமெல்லாம் அவனுக்குக் கிடையாது. போன மாதமும் அப்படித்தான். பின்பக்கம் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்ற ஆளுயர வீடியோ கேம் பெட்டியை இரண்டு தட்டு தட்டினான்.

"இதுக்கு பெயின்ட் அடிச்சுக் குடு. உப்பல் ஏரியா புது வீட்டு ஹால்ல வெக்கப் போறேன். கிரகப்பிரவேசத்துக்குள்ள ரெடியாவணும்."

"கைக்கு? வெளியில குடுத்தா அடிச்சுத் தர மாட்டாங்களா?" ஏன் என்பதற்கு அந்த ஊர்ப் பேச்சில் கைக்கு.

"ரயிலுக்கே எழுத்து போடுறவ நீ இருக்க. வெளியாளு எதுக்கு?"

ரயிலுக்கு எழுத்துப் போடுகிறவள் என்பது உண்மைதான். அப்பா ரயில்வே சர்வீஸில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்ததால் அவளுக்குக் கிடைத்த வேலை அது. பட்டறைக்கு வரும் ரயில் பெட்டிகளின் மேல் எண்ணும் பெயரும் வரைவாள். ஐம்பது தாண்டியும் கோடு கோணாது. கிரி அதை ஒரு நாளும் பாராட்டியதில்லை, காரியம் ஆக வேண்டிய நேரம் தவிர.

இந்தப் பெட்டியின் கதை அவளுக்கு வயிற்றெரிச்சல். அவளுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, செகந்திராபாத் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் கிரி கேம் கடை நடத்தினான். ஸ்டூலில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது அவள் வேலை. மதியம் அவன் சாப்பிட்டுத் தூங்க வீட்டுக்குப் போய்விடுவான். அவள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆடுவாள். பையன்கள் அதைக் கத்தி கேம் என்பார்கள். வாள் பிடித்த ஒருவன் கோட்டை கோட்டையாகப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். மூன்றாம் கோட்டையைத் தாண்டினவன் அந்தச் சந்தில் எவனும் இல்லை. ஒரு மதியம் மைதிலி கடைசிக் கோட்டையையும் பிடித்தாள். அதற்கப்புறம் என்ன வந்தது என்பதை அவள் ஒருத்திதான் பார்த்தாள். கிரி கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது ஆட்டம் முடிந்து, ஸ்கோர் மட்டும் திரையில் நின்றது. ஏழு லட்சத்துச் சொச்சம்.

சாயங்காலம் பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு, "யாரு கிரி பாய் அடிச்சது?" என்று கேட்டார்கள். கிரி கூசாமல் "நான்தான்" என்றான். கரண்ட் போனால் மிஷின் ஸ்கோரை மறந்துவிடும். அதனால் மறுநாள் பெட்டியின் பக்கப் பலகையில் அதை எழுதச் சொன்னான். அதுவும் யாரிடம், மைதிலியிடம்.

"அடிச்சது நானு" என்றாள்.

"பொம்பளப் புள்ள பேரைக் கடையில எழுதினா பசங்க இன்னா பேசுவானுங்க? மானத்த வாங்காத. உனுக்குத்தான் எழுத்து அழகா வருது, எழுது."

சிவப்பு பெயின்டில் அவன் பெயரை எழுதினாள். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. அப்படி எழுதின கையின் மேல் அவளுக்கு இன்றைக்கும் கோபம்.

கடை மூடியதும் பெட்டியை வைத்துக்கொள்ளும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது; அது துணிக்கொடி கட்டுகிற தூணானது. கிரியின் கதை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. கல்யாணமோ காதுகுத்தோ, பந்தியில் உட்கார்ந்தால் கத்தி கேமை எடுத்துவிடுவான். கடைசியில் ஒரு ராஜா சிங்காசனத்திலிருந்து எழுந்து வந்து, ஆடுகிறவன் தலையில் கிரீடம் வைப்பாராம். அதைக் கேட்டபோது மைதிலி எதிர்வரிசையில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தாள். அவன் முடிவைப் பார்க்கவே இல்லையே, அளக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பொறாமைக்காரி என்பார்கள். அடித்தது என் தங்கச்சி என்று அவன் வாயால் ஒரே ஒரு தடவை வர வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

லீவு நாட்களில் வேலையைத் தொடங்கினாள். மழைத்தண்ணீர் பட்டு உப்பியிருந்த பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். சிவப்பு எழுத்து லேசில் போகவில்லை. தோள் கழன்றுவிடும் போலிருந்தது, ஆனாலும் ஒரு துளி விடாமல் தேய்த்து எடுத்தாள். பள்ளங்களை லப்பம் பூசி அடைத்து, காயவைத்து, மறுபடி தேய்த்து, பிரைமர் அடித்தாள்.

நடுவில் கிரியின் மகள் வர்ஷினி வந்து, ஆள் வைத்துத் திரையையும் உள்ளே இருந்த போர்டையும் சரிபண்ணிக் கொடுத்தாள். பேகம்பேட்டில் வேலை பார்க்கிறவள். தமிழ் பேசுவாள், பாதி இங்கிலீஷாகத்தான் வரும். அதே ஆட்டத்தைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாளாம்.

"ஃபிஃப்த் ஃபோர்ட் வந்துட்டேன் அத்தை. ஃபங்ஷனுக்கு முன்னாடி பக்கா ஃபினிஷ். டாடிக்கு சர்ப்ரைஸ்."

மைதிலி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். அன்றைக்கே கிரிக்கு போன் போட்டாள்.

"சைடு பலகையில இன்னா வரையட்டும்?"

"அந்தக் கடைசி சீனைப் போடு. ராஜா, சிங்காசனம், கிரீடம்."

"நல்லா ஞாபகம் பண்ணிச் சொல்லு ணா. நீதானே பாத்த."

"இதுல ஞாபகம் இன்னா வேண்டிக் கெடக்கு? கண்ணுலயே நிக்குது. ராஜாவுக்குத் தாடி போடு."

"யாரு பேரு போடட்டும்?"

கேள்வி அவனுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் சிரித்தான். "ஏன், உனுக்கு எழுத்து மறந்துபோச்சா? என் பேருதான்."

அப்புறம் மைதிலிக்குத் தயக்கமே இருக்கவில்லை. இவ்வளவு கேட்டும் திருந்தாதவனுக்கு என்ன மரியாதை என்று தோன்றிவிட்டது. தாடி வைத்த ராஜாவை வரைந்தாள், சிங்காசனத்துக்குப் பொன்வண்ணம் கொடுத்தாள். கீழே சிவப்பில் அவன் பெயர். இருப்பதிலேயே உசத்தியான எனாமல் வாங்கி, பெயருக்கு மட்டும் இரண்டு கோட் கொடுத்தாள்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் காலை, அப்பாவும் மகளும் லோடு ஆட்டோவோடு வந்தார்கள். கிரிக்கு முகமெல்லாம் பல். பலகை முன்னால் நின்று போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினான். வர்ஷினி மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாடி, இந்த கிங் யாரு?"

"கடைசில வந்து கிரீடம் வெப்பாரே, அவருதான்."

"நேத்து நான் ஃபினிஷ் பண்ணேன். கிங் யாரும் வரலையே."

"உன் கம்ப்யூட்டர்ல இருக்கிறது டூப்ளிகேட்டா இருக்கும்."

அவள் அத்தையின் பக்கம் திரும்பினாள். மைதிலி பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "கடைசிக் கோட்டை விழுந்ததும் திரை கறுத்துடும். சூரியன் மட்டும் மெள்ள ஏறும். அப்புறம் மறுபடியும் முதல் கோட்டை, எல்லாரும் ரெண்டு மடங்கு வேகத்துல வருவானுங்க. நான் அதுலதான் செத்தேன்."

"ஹவ், ஆமா" என்றாள் வர்ஷினி மெதுவாக. "அதேதான். எனக்கும் அதேதான் வந்துச்சு."

பிறகு அவள் அப்பாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் கிரி சத்தம் போட்டுச் சமாளித்திருப்பான். புதிதாக ஒரு ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஊரெல்லாம் வரப்போகிற வீடு, ஹால் நடுவில் இந்தப் பலகை. போட்டோ வேறு போய்விட்டது. கிரி பலகையில் இருந்த தன் பெயரைக் காட்டினான்.

"மைதிலி, அந்தப் பேரை மட்டும் எடுத்துடு."

"நக்கோ ணா, என்னால முடியாது. ரெண்டு தடவை நான் எழுதிக் குடுத்துட்டேன். எடுக்கிறத நீ எடு."

தின்னர் பாட்டிலையும் பழந்துணியையும் நீட்டினாள். ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். கிரி மகளைப் பார்த்தான். அவள் நகரவில்லை. துணியை வாங்கி, தின்னரை ஊற்றி, தன் பெயரின் முதல் எழுத்தில் வைத்துத் தேய்த்தான். எழுத்து கொஞ்சம் மங்கியது, போகவில்லை.

"அழுத்தித் தேய்" என்றாள் மைதிலி. "நல்ல பெயின்ட்டு அது."