அரண்மனை வாசலில் கழற்றாத சப்பாத்து

லாச்சப்பலில் நாங்கள் வேலை செய்யும் சேலைக்கடையில் சுஜாந்தி அக்காவின் வாய்க்குத் தப்பியவர் கிடையாது. வாசலில் தயங்கி நிற்பவரையும் கேலிபேசியே உள்ளே இழுத்துவிடுவார். போன மாதம் இந்தியா போய்வந்ததிலிருந்து ஆள் பேசுவதேயில்லை. ஏனென்று என்னிடம்தான் சொன்னார். கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை!

பிரெஞ்சு அகதி அட்டையோடு இலங்கைக்குப் போக முடியாது. அதனால் முல்லைத்தீவிலிருக்கும் அண்ணன் உதயனைத் திருவனந்தபுரத்துக்கு வரச்சொல்லி, தானும் போனார். சண்டை முடிந்த பிறகு முதல் சந்திப்பு. விமானநிலையத்தில் கட்டிப்பிடித்து அழுத கையோடு, காரை நேரே பத்மநாபபுரம் அரண்மனைக்கு விடச்சொன்னார். ராசாக்கள் இருந்த மரமாளிகை, இப்போது அருங்காட்சியகம். யூடியூபில் பார்த்து ஆசைப்பட்ட இடம்.

உள்ளே வெறுங்காலோடுதான் போகவேண்டும். எல்லோரும் கழற்றினார்கள். உதயன் அண்ணை சப்பாத்தோடு நின்றார்.

“கழட்டுங்கோ அண்ணை.”

“நீ போய்ப் பார் பிள்ளை. நான் இதிலை நிக்கிறன்.”

“என்ன, மாப்பிள்ளைக்கு ஆரும் வந்து கால் கழுவி விடோணுமோ?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். வரவில்லை. முதல்நாளே முறுக்கா என்ற கோபத்தில் அக்கா விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

உத்தரத்தில் செதுக்கிய பூக்கள், குறுகிய மரப்படிகள், எல்லாவற்றையும் படமெடுத்தார். ஓரிடத்தில் முட்டை வெள்ளையும் சிரட்டைக்கரியும் சேர்த்து மெழுகியதாகச் சொல்லும் கருந்தரை, கண்ணாடி மாதிரி! முன்னால் போனவர்களின் பாதங்கள் அதில் தெரிந்தன. படமெடுக்கக் குனிந்தபோதுதான் அக்காவுக்கு உறைத்தது.

கடைசிச் சண்டையில் அண்ணைக்கு ஒரு கால் போயிருந்தது. தெரியாமல் இல்லை. செய்தி வந்த அன்று இங்கே பொபினி வீட்டில் விழுந்து அழுதவர். ஆனால் பிறகு அண்ணையைக் கண்டதெல்லாம் போனில், நெஞ்சுக்கு மேலேதான். விமானநிலையத்தில் நீளக் காற்சட்டையும் சப்பாத்துமாக நிமிர்ந்து நடந்து வந்தவரைக் கண்ட சந்தோசத்தில் உள்ளே இருப்பது பொய்க்கால் என்பதை மறந்தே போனார்.

மிச்சத்தைப் பார்க்காமல் வெளியே ஓடிவந்தார். அண்ணை மரநிழலில் இருந்தார்.

“என்ன, கெதியா வந்திட்டாய்? ராசாவின்ரை வீடு எப்பிடி?”

அக்கா படமெடுத்த போனைக் கைப்பைக்குள் வைத்தார்.

“உள்ளை பூட்டு அண்ணை. ஒண்டும் பாக்கேலாது.”

அந்த நேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டமாகக் கத்திக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார்கள். அண்ணை அவர்களைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்த்தார்.

“நல்லதாப் போச்சு. வா, தேத்தண்ணி குடிப்பம்.”

ஒரு வாரம் கூட இருந்தும் அக்கா அதைப் பற்றி வாய்திறக்கவில்லை. கேலிக்கு நீளும் வாய், மன்னிப்புக் கேட்க மட்டும் வரவில்லை. நேற்று மத்தியானம் கடையின் பின்னறையில், என் பக்கத்திலிருந்தபடி, துணிந்து அண்ணைக்குப் போன் எடுத்தார்.

“அண்ணை, அண்டைக்கு வாசலிலை நான்...”

“அதுதான் பூட்டெண்டு சொன்னியே பிள்ளை. பேந்தென்ன? போய் வேலையைப் பார்.”

அக்கா போனை வைத்துவிட்டுச் சேலை மடிக்க உட்கார்ந்தார். ஒரு சேலையைத்தான் மடித்து மடித்துக் குலைத்துக்கொண்டிருந்தார்.