மாமியாரை நடக்கச் சொன்ன நாள்

முதியோர் நலப் பணிக்கு மாணவர்களைத் தயார் செய்வது என் வேலை. கல்லூரிப் பலகையில் அதற்குச் சமூகப்பணித் துறை என்று பெயர். என் சொந்தச் சித்தி கல்யாண வீடுகளில் என்னை அறிமுகம் செய்வது வேறு மாதிரி: "காலேஜுல கெழவன் கெழவியப் பாத்துக்கச் சொல்லிக் குடுக்கறாளாமுங்க." இதையெல்லாம் படித்துத்தான் செய்ய வேண்டுமா என்பது அவள் கேட்காமல் கேட்கும் கேள்வி. ஆமாம், படிக்கத்தான் வேண்டும். வகுப்புக்கு வகுப்பு அதைத்தான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

நான் சொல்லிக்கொடுப்பதில் பாதிக்கு மேல் ஒரே பாடம்தான். பெரியவர்களிடம் கேளுங்கள். மகனிடம் கேட்காதீர்கள், மருமகளிடம் கேட்காதீர்கள், கூட வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கவே கேட்காதீர்கள். முதியோர் இல்லத்தில் சேர்க்க ஒரு தாயை மகன் அழைத்து வந்தால் முதலில் மகனை வெளியே அனுப்ப வேண்டும். பிறகு அந்த அம்மாவிடம், "நீங்களா விருப்பப்பட்டு வந்தீங்களா?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதிதான் யாருக்கும் வராது. மாணவர்கள் கேள்வியும் கேட்டு, பதிலையும் அவர்களே சொல்லி, தலையையும் அவர்களே ஆட்டிவிடுவார்கள்.

இதில் எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்துக்கென்று கூடுதலாக ஒரு வம்பு உண்டு. வாசலில் வந்து நிற்பவரிடம் "நீங்க யாரு?" என்று கேட்பது இங்கே மரியாதை இல்லை. முதலில் வாங்க. பிறகு தண்ணீர். பிறகு சாப்பிட்டீங்களா. யார், எதற்கு வந்தார் என்பதெல்லாம் பேச்சோடு பேச்சாக வெளியே வரும். வராவிட்டாலும் யாரும் பதறமாட்டார்கள். வந்தவரும் லேசுப்பட்டவர் இல்லை. தப்பான வீட்டுக்கு வந்துவிட்டது தெரிந்தாலும் கொடுத்த காபியைக் குடித்து முடித்த பிறகுதான் சொல்வார். இந்த இரண்டு மரியாதைகளும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த வருடம் என்னிடம் ஒரு மாணவி இருந்தாள். சோமனூரில் அப்பாவுக்கு விசைத்தறி. மற்றவர்கள் எம்.எஸ்.டபிள்யூ. முடித்து ஏதாவது கம்பெனியில் மனிதவள அதிகாரி ஆகிவிட ஆசைப்பட்டார்கள். இவள் மட்டும் முதியோர்களுடன்தான் வேலை செய்வேன் என்று பிடிவாதமாக நின்றாள். இப்படி ஒருத்தி கிடைப்பது அபூர்வம். படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. அதற்குள் அப்பா மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் குடும்பம், ஒரே பையன். நிச்சயமானால் படிப்பு அத்தோடு சரி. "ஊட்டுக்கு வர்ற பொண்ணு படிச்சவரைக்கும் போதுமுன்னு சொல்றாங்களாம் மேடம்" என்று என் மேசைக்கு முன் வந்து நின்று அழுதாள். பெண் பார்க்க வந்தால் எதிரில் வந்து நிற்கவே மாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாளாம். நானும் என் பங்குக்கு அவரைப் போனில் கூப்பிட்டுப் பேசினேன். "ஆகட்டுங்க, ஆகட்டுங்க" என்று கேட்டுக்கொண்டார். அந்த "ஆகட்டுங்க"வை நம்பியது என் முட்டாள்தனம்.

அவர் என்ன செய்தார் என்றால், மகளிடம் மூச்சு விடாமல் மாப்பிள்ளை வீட்டாருடன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். எங்கள் பக்கம் முதல் தடவை கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பது உண்டு. பார்த்த மாதிரியும் இருக்கும், பார்க்காத மாதிரியும் இருக்கும், பிடிக்கவில்லை என்றால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. இவர் கோயிலுக்குப் பதிலாக மகள் களப்பயிற்சிக்குப் போகும் முதியோர் இல்லத்தைச் சொல்லிவிட்டார். அது அவிநாசிக்கு வெளியே, ஈரோட்டிலிருந்து வர வசதியான இடம். பெண்ணுக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களிடம் ஒரு பொய்யும் சொல்லி வைத்திருந்தார். இவையெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அவளுக்கும் அப்படித்தான்.

பெண் பார்க்கக் குறித்திருந்த அன்று காலை அவளுடைய பயிற்சியை மேற்பார்வை செய்ய நானும் போயிருந்தேன். இல்லத்தின் மேலாளர் போத்தனூர் ஜங்ஷனுக்கு மனைவியின் உறவினர்களை அழைத்துவரப் போயிருந்தார். போகும்போது, "ஈரோட்டுப் பக்கமிருந்து ஒரு மகன் அவங்கம்மாவைக் கொண்டாந்து சேர்க்கறாருங்க, நல்ல நேரத்துல வந்துருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவை முதியோர் இல்லத்தில் விடுவதற்கும் நல்ல நேரம் பார்க்கிறார்கள். இதில் எனக்கு வரும் எரிச்சலை நான் மறைப்பதே இல்லை. அந்தக் குடும்பமோ, அவர் கிளம்பிப் போன பிறகு அவரைப் போனில் கூப்பிட்டு, அன்று அம்மாவின் ராசிக்குச் சந்திராஷ்டமம் என்று சொல்லி வரவை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்திருந்தது. அதை எங்களிடம் சொல்ல மேலாளர் மறந்துவிட்டார்.

அதே நல்ல நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. மகன் இறங்கினார். அவர் அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டார். டிக்கியிலிருந்து ஒரு பெரிய பை இறங்கியது. முதியோர் இல்லத்து வாசலில் கார், மகன், தாய், பை. இதற்கு மேல் யாருக்காவது விளக்கம் வேண்டுமா? "வாங்க, வாங்க" என்றோம். "வாரோமுங்க" என்றார்கள். தண்ணீர் கொடுத்தோம். யார் என்று இரண்டு பக்கமும் கேட்கவில்லை.

இல்லத்தில் பழைய ஆள் ஒருவர் உண்டு. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் அவர் சிஸ்டர். புதிதாக வருபவரின் பையைப் பிரித்து அலமாரியில் அடுக்கும் உரிமையை அவராகவே எடுத்துக்கொண்டிருந்தார். "சன்னலோரக் கட்டிலு உங்களுக்குத்தானுங்க, காத்து நல்லா வரும்" என்று சொல்லிக்கொண்டே பையைத் திறந்தார். உள்ளே ஒரு பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, மைசூர்பா. "இங்க வந்து பட்டு கட்டோணுமாக்கும்" என்று புடவையை அலமாரியில் வைத்தார். மைசூர்பாவை எல்லோருக்கும் கொடுத்தார். பூவைக் கிள்ளிக் கிள்ளி அங்கிருந்த பெண்கள் அத்தனை பேர் தலையிலும் வைத்துவிட்டார். அந்த அம்மா எல்லாவற்றையும் சிரித்த முகத்துடன் பார்த்துக்கொண்டிருந்தார். ஒறம்பரையாக, அதாவது விருந்தாளியாக, வந்த இடத்தில் குறை சொல்லக் கூடாதே.

என் மாணவி பாடத்தில் உள்ளபடி ஆரம்பித்தாள். "நீங்க கொஞ்சம் அக்கட்டால இருங்கண்ணா, நான் அம்மாகிட்டத் தனியாப் பேசோணும்" என்று மகனை வெளியே அனுப்பினாள். பார்க்க வந்த மாப்பிள்ளையையே அண்ணா என்று கூப்பிட்ட ஒரே பெண் அவளாகத்தான் இருப்பாள். அவர் சற்று ஆடிப்போய் வராந்தாவில் வந்து உட்கார்ந்தார். அம்மாவைக் கொண்டுவந்து விடும் மகன்களின் முகத்தில் இருக்கும் அதே கலக்கம் என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன். "வெசனப்படாதீங்க தம்பி. மொதல் மாசம் ரெண்டு பேருக்குமே சிரமமாத்தான் இருக்கும். போகப் போகப் பழகிரும்" என்றேன். "சரிங்க" என்றார். "சண்டை வந்தா என்ற நம்பருக்குக் கூப்பிடுங்க" என்றேன். அதற்கும் "சரிங்க" என்றார். என்னைப் பெண்ணின் அத்தை என்று நினைத்துக்கொண்டாராம்.

பிறகு நான் எழுந்து போய் அறை வாசலில் நின்றுகொண்டேன். மேற்பார்வை என்றால் ஒட்டுக்கேட்பதுதான், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். உள்ளே அந்த அம்மா அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். "கண்ணு சரியாத் தெரியறதில்லீங்களாம்மா?" என்று அவள் கேட்டாள். "உனக்குச் சமைக்கத் தெரியுமா அம்மணி?" என்று அவர் கேட்டார். "சமையலுக்கு ஆளு இருக்குதுங்கம்மா. நீங்க என்ன சாப்புடுவீங்கன்னு மட்டும் சொல்லுங்க, அப்படியே செஞ்சு குடுப்பாங்க" என்றாள். அந்த அம்மா முகம் மலர்ந்துவிட்டது. இரவில் தூக்கம் வருகிறதா, எங்கேயாவது தடுக்கி விழுந்தீர்களா என்றெல்லாம் கேட்டாள். அப்புறம், "எந்திரிச்சு அந்தச் செவுரு வரைக்கும் நடந்து போயிட்டுத் திரும்பி வந்து உக்காருங்க பாக்கலாம்" என்றாள். கால் தடுமாறுகிறதா என்று பார்க்கும் சோதனை அது. அந்த அம்மாவும் சேலையைச் சரிசெய்துகொண்டு பாந்தமாக நடந்து காட்டினார். பிற்பாடு அவரே சொன்னார்: "பொண்ணை நடக்கச் சொல்லிப் பாப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கறேன். இப்ப மாமியாளை நடக்கச் சொல்லிப் பாக்கறாங்களாட்ட இருக்குது, காலம் மாறிப்போச்சுன்னு நடந்தேனுங்க."

அதன் பிறகுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "அம்மா, நீங்களா விருப்பப்பட்டுத்தான் வந்தீங்களா? மகன் சொல்லி வந்தீங்களா?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த அம்மா தன் கையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவங்கப்பா இருந்தப்ப அவரு போலாமும்பாரு, போவேன். இப்ப இவன் போலாமுங்கறான், வாரேன். ஊடு பெரிய ஊடு கண்ணு. மண்டில இருந்து அவன் வர்றதுக்குள்ள இருட்டிப்போகும். டி.வி.ய நிறுத்துனா ஊடே பயமா இருக்குதுன்னு அது பாட்டுக்கு ஓடிட்டுக் கெடக்கும். பேச்சுத்துணைக்கு ஒருத்தி வேணுமுன்னுதான் இதெல்லாம்."

"இங்க பேச்சுத்துணைக்குக் கொறையே இல்லீங்கம்மா" என்றாள் அவள். "நீங்க தூங்கோணும்னாலும் நாங்க உடமாட்டோம்" என்றார் சிஸ்டர், கட்டிலுக்கு விரிப்பைப் போட்டபடி. அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, கருமத்தம்பட்டி நெரிசலில் மாட்டித் தாமதமாகிப்போன அவளுடைய அப்பா வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். தன் மகளுக்காக மாப்பிள்ளை வீட்டார் வாங்கிவந்த பூ பாட்டிகள் தலையில் இருந்தது. சம்பந்தியம்மாள் சன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். "அய்யோ, அவங்க பொண்ணு பாக்க வந்தவங்கம்மா!" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்ட பிறகுதான் எங்களுக்கு எல்லாம் விளங்கியது. மாப்பிள்ளை வராந்தாவிலிருந்து எழுந்து வந்து, என்னையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். பாட்டிகள் சிரித்த சிரிப்பில் ஒருவருக்குப் பல் செட் கழன்று மடியில் விழுந்தது. என் மாணவி மட்டும் சிரிக்கவில்லை. "என்னைக் கேக்காம எப்படிப்பா?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். அவர் நெற்றி வேர்வையைத் துடைத்தார்.

"போலாமுங்களாம்மா?" என்றார் மகன். அந்த அம்மா கட்டிலைவிட்டு உடனே எழுந்துவிடவில்லை. அப்பாவுக்கோ பதற்றம். காரியம் கெட்டுவிட்டதா இல்லையா என்று தெரிய வேண்டும். "ஏனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க. பொண்ணு உங்களுக்குப் புடிச்சிருக்குதுங்களா?" என்று கேட்டேவிட்டார்.

"ரொம்பப் புடிச்சிருக்குதுங்க" என்றார் அந்த அம்மா. "அதனாலதான் சொல்றேன். என்ற ஊட்டுக்கு மட்டும் குடுத்துப்போடாதீங்க. அப்பறம் நாங்க ரெண்டு பேரும் உக்காந்து டி.வி. பாத்துட்டு இருப்போம். அது படிக்கட்டும்."

மகன் தரையைப் பார்த்தார். அப்பா "ஆகட்டுங்க" என்றார், இந்தத் தடவை ஒரே ஒரு முறை. சிஸ்டர் அலமாரியிலிருந்து பட்டுப்புடவையை எடுத்துப் பையில் வைத்துக் கொடுத்தார். கார் வரைக்கும் எல்லோரும் போனோம். "போயிட்டு வாரேனுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டு அந்த அம்மா பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். எனக்கு ஒரே சந்தோஷம். படிப்பு தப்பித்தது, பெண் தப்பித்தாள், துறையில் எல்லோருக்கும் சொல்லிச் சிரிக்க ஒரு கதையும் கிடைத்தது. திரும்பிப் பார்த்தால் அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"இப்ப எதுக்கு அழுகறே? எல்லாம் நல்லபடியாத்தானே முடிஞ்சுது?" என்றேன்.

"அவங்களை நாமளே கார்ல ஏத்தி அந்தப் பெரிய ஊட்டுக்கே திருப்பி அனுப்பிச்சுட்டோமுங்க மேடம்."

"அவங்க இங்க சேர வந்தவங்க இல்ல கண்ணு. பொண்ணு பாக்க வந்தவங்க."

"அதுக்கு?" என்றாள்.