கடப்பாறையும் காந்த முள்ளும்

எல்லை அளக்க வந்தவர்கள் எங்கள் ஊர்க் களத்துமேட்டில் முக்காலியை ஊன்றி, அதன்மேல் காந்த முள் பெட்டியை வைத்தார்கள். பிச்சாட்டூருக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. அப்போது மெட்ராஸ் ராஜ்ஜியத்தில் இருந்தோம். ஆந்திராவுக்குப் போய்விடுவோம் என்ற பேச்சு எங்கும் அடிபட்டது. திருப்பதியில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்த நான் விடுமுறைக்கு வந்திருந்தேன்.

நைனாவின் கவலையெல்லாம் என் தங்கையைப் பற்றித்தான். ஆறாம் வகுப்பில் அவள்தான் முதல். அவளைத் தமிழ் டீச்சராக்கப் போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஊர் கைமாறினால் பள்ளிக்கூடம் தெலுங்காகிவிடும்.

பெட்டியை எங்கே வைத்தாலும் முள் வடக்கே பார்த்து நின்றது. எங்களுக்கு வடக்கே ஆந்திரா. கூடி நின்றவர்களின் முகம் சுண்டிப்போயிற்று. முள் காட்டும் பக்கம்தான் ஊர் போகும் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள்.

“நைனா, பூமியே ஒரு காந்தம். மெட்ராஸ்ல வெச்சாலும் அந்த முள்ளு வடக்கதான் காட்டும்” என்றேன்.

“நீ துன்றது அந்த ஊரு சோறு. அப்படித்தான் பேசுவே” என்றார். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலை நைனா வேலைக்குப் போகிறவர்போலக் கடப்பாறையோடு வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் அதை ஊன்றிக்கொண்டு நின்றார். முள் தடுமாறிச் சுழன்று தென்கிழக்கே, மெட்ராஸ் பக்கம் திரும்பியது. நைனா சிரித்தார். அளப்பவர் நிமிர்ந்து பார்த்து, “யோவ், இரும்பை அந்தாண்ட எடுத்துக்கினு போ” என்றார்.

நைனா பின்வாங்கப் பின்வாங்க, முள் தயங்கித் தயங்கி வடக்குக்கே போய்ச் சேர்ந்தது. இரும்பின் பிடி கொஞ்ச தூரத்துக்குத்தான். பூமியின் பிடி எங்கே போனாலும் விடாது. வகுப்பில் படித்தபோது இது எனக்கு இவ்வளவு ஈவிரக்கமற்றதாகத் தெரியவில்லை.

ஊர் ஆந்திராவுக்குப் போயிற்று. முள்ளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நைனா கடைசிவரை நம்பவில்லை. “நீ படிச்ச படிப்புல இதுக்கு ஒரு வழி இல்லியா?” என்று ஒருமுறை கேட்டார். இல்லை என்றேன். அதன்பிறகு என் படிப்பைப் பற்றி அவர் பேசவேயில்லை.

தமிழ் வாத்தியார் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் தங்கையைச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்துத் தெலுங்கு அட்சரம் எழுதச் சொன்னார். கொஞ்ச நாள் போனாள். பிறகு வெட்கத்தில் நின்றுவிட்டாள். அடுத்த விடுமுறையில் நான் வந்தபோது நாற்று நட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் நல்லாத்தானே படிச்சிக்கினு இருந்தேன், அண்ணா” என்றாள். சேற்றிலிருந்து கையை எடுக்கவேயில்லை.